மூன்றாவது பேரிங்

ஃபோர்மேனின் இடது கையில் மூன்று விரல்கள் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது டீ வருவதற்கு முன்னால். உடைத்தது ஒரு புதுக் காரின் பானெட். அதை ஓங்கி அறைந்து சாத்தியவன் அந்தக் காரின் சொந்தக்காரன்.

அந்தத் தெருவே வண்டிகளை நம்பிப் பிழைக்கும் தெரு. முனையில் டயர் கடை, அதையடுத்துக் கண்ணாடி மாற்றும் கடை, எதிரே பெயிண்ட் அடிக்கும் கொட்டகை, கடைசியில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். சர்வீஸ் சென்டரின் முன்பக்கம் ஏசி, கண்ணாடிக் கதவு, சோபா. பின்பக்கம் தகரக் கூரை. வெயில் ஏறினால் முன்பக்கத்து ஆட்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பின்பக்கத்து ஆட்கள் சட்டையைக் கழற்றிப் பிழிவார்கள். ஃபோர்மேன் இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கத்து ஆள். சத்தத்தைக் கேட்டே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். அந்தப் பேர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காரைக் கொண்டுவந்து இறக்கியது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவன். வழியில் நின்றுபோனதையும் அடிபட்டு நசுங்கியதையும் கொக்கி மாட்டி இழுத்து வருவது அவன் தொழில் என்பதால் தெருவே அவனைக் கொக்கி என்றுதான் கூப்பிடும். வாங்கி நான்கே மாதமான கார். ஹைவேயில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நடு ரோட்டில் நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரி மோதியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பதினைந்து நாள் காய்ந்துவிட்டு, பின்பக்கம் சப்பையாகவும் முன்பக்கம் புதுமாப்பிள்ளை மாதிரிப் பளபளப்பாகவும் வந்து சேர்ந்தது.

சொந்தக்காரன் பழைய கட்டடங்களை இடித்துத் தரும் காண்ட்ராக்டர். இடிப்புக்காரன் என்றால் எல்லோருக்கும் தெரியும். கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. எத்தனை குளித்தாலும் புருவத்தில் சிமெண்ட் தூசி இருக்கும். அன்றைக்கு அவன் கண்கள் தூங்கி ரொம்ப நாளான கண்கள். ஃபோர்மேன் அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்தது காரை மட்டும்தான்.

பானெட்டைத் தூக்கியதுமே அவருக்கு முகம் சுளித்தது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கம்பெனி டர்போ இருந்த இடத்தில் பெரிய சைஸ் டர்போ. மூடி இல்லாத ஏர் ஃபில்டர். கை நுழையும் அளவுக்குச் சைலன்சர் குழாய். ஸ்கேனரை மாட்டினார். காரின் மூளையில் இருந்த கம்பெனிப் புரோகிராமை அழித்துவிட்டு வேகம் கூட்டும் புரோகிராமை ஏற்றி, விபத்துக்குப் பிறகு பழையதையே யாரோ திரும்ப ஏற்றி மறைத்திருந்தார்கள். ஆனால் தன்மேல் எத்தனை தடவை எழுதினார்கள் என்பதை அந்த மூளை மறப்பதில்லை. மூன்று தடவை என்று திரை சொன்னது.

"சார், இதுக்கு வாரண்டி கிடையாது" என்றார் ஃபோர்மேன்.

"ஏன் கிடையாது? அஞ்சு வருஷம்னு சொல்லித்தான வித்தீங்க? நாலு மாசம்கூட முழுசா ஆகல."

"நாங்க வித்த வண்டி வேற, இது வேற. டர்போவை மாத்தியிருக்கீங்க. சைலன்சரை மாத்தியிருக்கீங்க. புரோகிராமையே மாத்திட்டு, அப்புறம் அழிச்சுட்டா தெரியாதுன்னு நினைச்சிருக்கீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா சார்?"

"பவர் ஏத்தினேன். இல்லைங்கல. அழிச்சது நான் இல்ல, ஏத்திக் கொடுத்தவன் பயந்துபோய் அழிச்சான். அதை விடு. அதனாலதான் இன்ஜின் நின்னுச்சுன்னு நீ எப்பிடிச் சொல்ற? திறந்து பாரு."

"இதைத் திறந்து வேற பாக்கணுமா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே."

"திறந்து பாருங்கறேன்."

ஃபோர்மேனுக்குப் பின்னால் நாலைந்து மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது அவர் நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டது.

"இத பாருங்க சார். நீங்களா கை வெச்சு நீங்களா கெடுத்துக்கிட்டது. அன்னைக்கு ரோட்டுல நடந்த எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு. கம்பெனி இல்ல."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

இடிப்புக்காரன் ஒரு அடி பின்னால் போனான். போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே திரும்பி வந்து ஃபோர்மேனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தலையை பானெட்டின் விளிம்பில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் இன்ஜின் மூடிமேல் தெறித்தது. விழாமலிருக்க ஃபோர்மேன் இடது கையால் முன்பக்கத்து விளிம்பைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து இடிப்புக்காரன் பானெட்டை இரண்டு கையாலும் இழுத்து அறைந்தான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் ஃபோர்மேனின் காதுக்குத்தான் முதலில் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

ஐந்து பேர் சேர்ந்து இழுத்தும் அவன் அசையவில்லை. அவர்கள் அடித்ததைத் திருப்பி அடிக்கவும் இல்லை. "சொல்லாத, சொல்லாத" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தான்.

ஃபோர்மேனின் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறையில் வேலை. பதினான்கு வருஷமாக ஊர்க்காரர்களின் கையும் காலும் அவள் கையால்தான் நேராகிப் போய்க்கொண்டிருந்தன. புருஷனைத் தள்ளுநாற்காலியில் உள்ளே கொண்டுவந்தபோது அவள் அலறவில்லை. அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் கட்டு கோணும் என்பது அவளுக்குத் தெரியும். மூக்கில் பஞ்சை வைத்துத் துடைத்து, டாக்டர் எலும்பை இழுத்துப் பிடிக்க, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாருன்னு சொன்னீங்க?"

"இடிப்புக்காரன். கார் காண்பிக்க வந்தவன்."

அவள் கை நின்றது. "லாரி மோதின காரா? பின்சீட்டுல பொண்ணு இருந்துச்சே, அந்தக் காரா?"

"பொண்ணா? எந்தப் பொண்ணு?"

"அவன் பொண்ணுதாங்க. பன்னெண்டு வயசு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிடுச்சு. நான்தான் கட்டுப் போட்டேன். அந்தாளு அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு, என்னாலதான் என்னாலதான்னு மண்டையை மோதிக்கிட்டான். வாட்ச்மேன் வந்து இழுத்துட்டுப் போனாரு. கால் திரும்பவும் பழையபடி வருமான்னு டாக்டருக்கே சந்தேகம்."

'எல்லாத்துக்குமா' என்று அவன் கேட்டதும், 'எல்லாத்துக்கும்தான்' என்று தான் சொன்னதும் ஃபோர்மேனுக்குள் மூக்கிலிருந்த பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டு நின்றன.

அதற்குள் கொக்கி வந்துவிட்டான். வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, க்ரீஸ் கையோடு ஓடி வந்திருந்தான்.

"மாமா, அவன் எந்தக் கையால சாத்தினான்? வலது கையா, இடது கையா? அதை மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு கையாலயும்தான்டா மாப்ள."

"அப்ப ரெண்டும் போச்சு அவனுக்கு."

"டேய், வாயை மூடிட்டு வெளிய நில்லு" என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலில் கண்டிப்பைவிடத் துக்கம்தான் அதிகம் இருந்தது. கொக்கி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ.

போலீஸ் இடிப்புக்காரனைப் பிடித்தது. இரண்டாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டான். அந்த இரண்டு நாளும் ஃபோர்மேன் வீட்டில் மத்தியானச் சோற்றை மனைவிதான் பிசைந்து கொடுத்தாள். வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கொடுத்தாள், அவரும் வாங்கிக்கொண்டார். கொக்கி எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து நாலு ஆள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே கறுவிக்கொண்டிருந்தான்.

"திறந்து பாருன்னு அவன் சொன்னான்டா. நான் திறக்கல" என்றார் ஃபோர்மேன்.

"அதுக்கு?"

"அது என் தப்பு. வாரண்டி புக்குல என்ன போட்டிருக்கு தெரியுமா? வண்டியில நீ எதையாவது மாத்தினா, அந்த மாத்தத்தால வந்த பழுதுக்குத்தான் வாரண்டி கிடையாது. மொத்தமா இல்லைன்னு எங்கயும் போடல. சைலன்சரை மாத்தினவனுக்குக் கதவுக் கண்ணாடி இறங்கலைன்னா, அது கம்பெனி தலையிலதான். எதனால எது கெட்டுச்சுன்னு திறந்து காட்டணும். நான் காட்டாமலே வாயை விட்டுட்டேன்."

"அப்ப வாயிலதான மாமா அடிச்சிருக்கணும்? கையில எதுக்கு அடிச்சான்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் ஃபோர்மேனின் மூக்குத் தையல் இழுத்து மறுபடி ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்ததும் கொக்கி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அந்தத் தட்டு சுவரில் மோதிச் சுழன்று நிற்க நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை மேனேஜர் போன் பண்ணினார். கேஸ் ஆகிவிட்டதால் இன்ஜினைத் திறந்து ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். ஃபோர்மேன் கையெழுத்துத்தான் செல்லும். "ஒண்ணும் பெருசா இல்ல. சும்மா ஒரு சம்பிரதாயம். என்ன எழுதணும்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

ஃபோர்மேனுக்குக் கையாக நெட்டை வந்தான். அவரோடு பத்து வருஷம் வேலை செய்த மெக்கானிக். ஆள் உயரமே தவிர பேச்சு ரொம்பக் குட்டை. இன்ஜினை இறக்கி மேஜைமேல் ஏற்றினார்கள். கூரைக்கு மேலே வெயில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் சொல்லச் சொல்ல நெட்டை கழற்றினான்.

முதலில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட். ஃபோர்மேன் குனிந்து டார்ச் அடித்தார். பவரை அளவுக்கு மீறி ஏற்றிச் செத்த இன்ஜின்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பிஸ்டன் தலை அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும், ஓரம் உருகியிருக்கும், வளையம் உட்காரும் இடம் உடைந்திருக்கும். இங்கே நான்கு பிஸ்டன்களும் சுத்தமாக இருந்தன.

"என்னடா இது?"

"தெரியலண்ணே."

"கீழ கழட்டு."

எண்ணெய்த் தொட்டியை எடுத்தார்கள். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். முதலாவது வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. இரண்டாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே. மூன்றாவது மட்டும் கழல மறுத்தது. சுத்தியலால் தட்டி எடுத்தபோது கரி மாதிரிக் கறுத்து, ஓரத்தில் நீலம் பாய்ந்து, தண்டோடு ஒட்டிப்போயிருந்தது.

"பவரால போச்சுன்னா நாலும்தானடா அடி வாங்கியிருக்கணும்? இவன் ஒருத்தன் மட்டும் ஏன் எண்ணெய் இல்லாம செத்தான்? ஓட்டையைப் பாரு. எண்ணெய் வர்ற ஓட்டையை."

நெட்டை காற்றடித்தான். போகவில்லை. கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவி மெதுவாக இழுத்தான். நகத்தளவு இரும்புச் சுருள் ஒன்று வந்தது. பென்சில் சீவினால் வருமே, அந்த மாதிரி. தொழிற்சாலையில் அந்த எண்ணெய் வழியைத் துளைத்தபோது விழுந்த சீவல். கழுவி எடுத்திருக்க வேண்டியவர்கள் கழுவவில்லை. நான்கு மாதமாக அது அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது பேரிங்கின் தொண்டையை நெரித்திருக்கிறது.

ஃபோர்மேன் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். தன் விரல்களை உடைத்தவன் சொன்னதுதான் சரி. திறந்து பார் என்றானே.

"அண்ணே" என்றான் நெட்டை. கதவுப் பக்கம் தலையை ஆட்டினான்.

இடிப்புக்காரன் நின்றுகொண்டிருந்தான். தனியாகத்தான் வந்திருந்தான். கையில் ஒரு கடிதம். "திறக்கும்போது வந்து பாக்கலாம்னு ஆபீஸ்ல இருந்து லெட்டர் போட்டாங்க" என்றான். பிறகு ஃபோர்மேனின் கட்டைப் பார்த்தான். "கை..." என்றான்.

"அதை அப்புறம் பேசுவோம். நீ முதல்ல இங்க வா. வந்து இதைப் பாரு" என்றார் ஃபோர்மேன்.

அவன் வந்தான். மேஜைக்கு இரண்டடி இருக்கும்போது ஃபோர்மேன் அவன் தோளுக்குப் பின்னால் கொக்கியைப் பார்த்தார். கொக்கியின் கையில் வண்டி கட்டி இழுக்கும் இரும்புத் தண்டு.

"டேய், வேணாம்!"

இடிப்புக்காரன் திரும்பிய அதே நொடியில் முதல் அடி இறங்கியது. தடுக்கத் தூக்கிய கையில்தான் விழுந்தது. முழங்கைக்குக் கீழே கை வேறு திசையில் மடங்கியது. இரண்டாவது அடி தாடையில். பல்லும் ரத்தமும் கழற்றி வைத்திருந்த பேரிங்குகளின்மேல் சிதறின. அவன் முழங்காலிட்டு விழுந்தான். மூன்றாவது அடி தலைக்கு என்று ஓங்கினான் கொக்கி. ஃபோர்மேன் நடுவில் பாய்ந்தார். அது அவர் தோளில் விழுந்தது. வலியில் கண் இருண்டபோதும் அந்தச் சுருளை இறுக்கி மூடிய கையை அவர் திறக்கவில்லை.

"மாமா, நகருங்க! நகருங்கன்னா!"

"டேய் பாவி, அவன் சொன்னது சரிடா! அவன் சொன்னது சரிடா!"

கொக்கிக்கு அது புரியவில்லை. நெட்டை அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தான். இரும்புத் தண்டு சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டு வாசல் வரை போனது. இடிப்புக்காரன் உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து ஒழுகுவதைத் துடைக்காமல், மேஜைமேலிருந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மேனேஜர் ஃபோர்மேனைத் தன் ஏசி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"உங்க மச்சினன் கேஸ் சாதாரண கேஸ் இல்ல. கொலை முயற்சின்னு எழுதப் போறாங்க. ஆனா கம்பெனி வக்கீல் பெரிய ஆளு. அவர் நினைச்சா, கஸ்டமர் முதல்ல கையை ஓங்கினான், பையன் தடுத்தான்னு ஆக்கிடலாம். நடந்தது நம்ம இடம், பாத்தது நம்ம ஆளுங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ரெண்டே வரி. வேகம் கூட்டினதால இன்ஜின் கெட்டுச்சு, வாரண்டி செல்லாது. அந்த இரும்புத் துண்டை என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. உங்க விரலை உடைச்சவனுக்காக நீங்க சொந்த மச்சினனைப் பலி கொடுப்பீங்களா?"

ஃபோர்மேன் துண்டைக் கொடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அப்போதுதான் ஸ்டேஷனில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதிக் கொடுத்துடுங்க" என்றாள்.

"பொய் அது."

"பொய்தான். உங்க வாயில இருந்து வந்த முதல் பொய்யா இது? அன்னைக்குத் திறக்காமலே சொன்னீங்களே, அது என்ன?"

"அன்னைக்குத் தெரியாம சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சு சொல்லணும்கற."

"எங்கம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயசு. என் இடுப்புல வெச்சு வளத்தேன். உங்களுக்காகத்தான அடிச்சான்? உங்க கைக்காகத்தான?"

"நான் அடிக்கச் சொன்னேனா? ஏற்கெனவே விழுந்தவனைக் கொல்லப் பாத்தான். நான் குறுக்க போகலைன்னா இன்னைக்குப் பொணம் விழுந்திருக்கும். போலீஸ் கேட்டா நான் பாத்ததைத்தான் சொல்லுவேன்."

அவள் அறைந்தாள். பதினெட்டு வருஷக் குடும்பத்தில் முதல் அறை. எலும்பை நேராக்கிப் பழகிய கை; காது வரை எரிந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். சூடான கஞ்சி அவள் காலிலும் தெறித்தது. அதைத் துடைக்காமலே டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபோர்மேன் ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"அந்த இடிப்புக்காரனுக்கு நேத்து நான்தான் கட்டுப் போட்டேன்" என்றாள்.

அவரும் படியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் எலும்பைச் சேத்துட்டு போன் வந்துச்சுன்னு வெளிய போயிட்டாரு. நானும் அவனும் மட்டும்தான். அவன் பாதி மயக்கத்துல இருக்கான். கை என் கையில இருக்கு. கொஞ்சம், ஒரு விரல் கனம் திருப்பி வெச்சுக் கட்டினா போதும். ஆயுசுக்கும் கோணல். சுத்தியலைத் தூக்க முடியாது. டாக்டருக்கும் தெரியாது. கட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"என்ன பண்ணின?"

"திருப்பினேங்க." அவள் குரல் உடைந்தது. "நிஜமாவே திருப்பினேன். அப்பத் தாடை உடைஞ்ச வாயோட ஏதோ முனகினான். மகளைக் கூப்பிடறான். என் கை தானா திரும்பவும் நேரா இழுத்துடுச்சு. மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, நேரா இருக்குன்னு பாத்த பிறகுதான் கட்டினேன். பதினாலு வருஷத்துல அப்படி ஒரு கெட்ட நினைப்பு எனக்கு வந்ததில்ல. வெளிய வந்து வாந்தி எடுத்தேன்."

டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"நீங்க எழுதுங்க. ரிப்போர்ட், சாட்சி ரெண்டையும் எழுதுங்க. ஆனா என் தம்பிக்கு நான் தினமும் சோறு கொண்டுபோவேன். ஜெயிலா இருந்தாலும் கொண்டுபோவேன். அதுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"நானும் வர்றேன்."

"நீங்க வராதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அவன் சாப்பிட மாட்டான்."

அன்றைக்கே எழுதினார். இன்ஜின் பழுது தொழிற்சாலையில் நேர்ந்த குறையால் வந்தது, செய்யப்பட்ட மாற்றங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை, இன்ஜினுக்கு வாரண்டி உண்டு. சுருளின் படம், நான்கு பேரிங்குகளின் படம், நெட்டையின் சாட்சிக் கையெழுத்து. பிரதி ஒன்றைக் கம்பெனித் தலைமை ஆபீசுக்கும் ஒன்றை இடிப்புக்காரன் வீட்டுக்கும் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் மேனேஜர் மேஜையில் வைத்தார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய்க் கொக்கி அடித்த மூன்று அடியையும் வரிசையாகச் சொன்னார். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கொக்கி, அவர் முடிக்கும் வரை முகத்தைத் திருப்பாமல் பார்த்தான். முடித்ததும் திருப்பிக்கொண்டான்.

அடுத்த நாள் மேனேஜர் அவரைக் கார் கழுவும் பக்கத்துக்கு மாற்றினார். கைக்கட்டில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, கழுவிய கார்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். காதால் நோய் கண்டுபிடித்தவருக்கு இப்போது தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும்தான். போவோர் வருவோர் கேட்டதற்கு, "சுத்தமான வேலைதான்" என்றார்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி வார்டு வாசல் வரை வந்து நின்றுகொண்டாள். இடிப்புக்காரனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. பக்கத்தில் தள்ளுநாற்காலியில் அவன் மகள், காலை நீட்டிக்கொண்டு, அப்பாவுக்கு ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஸ்பூன் நின்றது. அவர் கையிலிருந்த கட்டை வைத்து யார் என்று தெரிந்திருக்கும்.

"ரிப்போர்ட் வந்து சேந்துச்சா?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

அவன் தலையாட்டினான். நல்ல கையால் ஒரு காகிதத்தை எடுத்து, கோணல் எழுத்தில் எழுதி நீட்டினான். 'உன் மச்சானை விடமாட்டேன்.'

"விட வேணாம். என் கைக்கு உன்னை நானும் விடல. ரெண்டு கேசும் நடக்கட்டும். நான் அதைப் பேச வரல. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாத்துக்கும் நீதான் பொறுப்புன்னு. அதைத் திருப்பி எடுத்துக்க வந்தேன். பவர் ஏத்தினது நீ. ஆனா இன்ஜின் நின்னது உன்னால இல்ல. அது தொழிற்சாலையை விட்டு வரும்போதே தொண்டையில அடைப்போட வந்த இன்ஜின்."

இடிப்புக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். கம்பிக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ இன்ஜின்களின் சத்தத்துக்குப் பேர் வைத்தவருக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரு பேரும் தோன்றவில்லை.

மகள் பால் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அங்கிள், வேகமா போனதாலயும் இல்லையா?"

"இல்லம்மா."

"அன்னைக்கு அப்பா மெதுவாத்தான் போனாரு. நான்தான் இன்னும் வேகம், இன்னும் வேகம்னு பின்னால இருந்து கத்தினேன். கத்தினதும்தான் நின்னுச்சு."

படுத்திருந்தவன் கண்ணைத் திறந்தான். மகள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பழியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

ஃபோர்மேன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"நல்லா கேட்டுக்கம்மா. நான் திறந்து பாத்துட்டுச் சொல்றேன். அந்த வண்டி மாட்டு வண்டி மாதிரிப் போயிருந்தாலும் நின்னுதான் இருக்கும். அன்னைக்கு இல்லைன்னா மறுநாள். நீ கத்தினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஃபோர்மேனைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

அவர் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.